துணிக்கடைச் சுரூபம்

அந்தோணிதாஸுக்கு மாதா கோயில்களுக்குச் சுரூபம், அதாவது புனிதர் சிலை, செய்துதான் பழக்கம். கள்ளக்குறிச்சியில் ரெடிமேட் கடை திறக்கப்போகிறேன் என்று தீனதயாளன் வந்து நின்றதும், புது வேலையாக இருக்கிறதே என்று மனுஷன் ஆசைப்பட்டுவிட்டார். வாசல் வளைவில் பூங்கொடி, தூணுக்குத் தூண் மயில், நடுவில் பேன்ட் சட்டையோடு கைகூப்பி நிற்கும் ஆளுயரச் சிமென்ட் உருவம். பம்பாய் பொம்மை மாதிரி வெளுத்த மூஞ்சி வேண்டாம், நம்ம ஊர் ஆளாக இருக்கட்டும் என்றார் தீனதயாளன்.

நம்ம ஊர் ஆளுக்கு எங்கே போவது? தன்னிடம் சிமென்ட் கலக்கிக்கொண்டிருந்த வேடியப்பனையே கடை வாசலில் மூன்று நாள் கைகூப்பி நிற்கவைத்துவிட்டார். கல்வராயன் மலையடிவாரத்துக்காரன். அவன் இடது புருவத்தை இரண்டாகப் பிளந்த பழைய தழும்பையும் விடாமல் செதுக்கினார். உடம்பில் அம்பு தைக்காத புனித செபஸ்தியாரை யார் கும்பிடுவார்கள்? அடையாளம் இல்லாவிட்டால் அவருக்கு அது சுரூபமே இல்லை. துணி விற்கிற பொம்மைக்கு அடையாளம் எதற்கு என்று பாவி மனுஷனுக்குத் தோன்றவேயில்லை.

எண்பத்தேழு செப்டம்பர் அது. இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம், ரோடெல்லாம் புளியமரம் குறுக்கே கிடந்தது. வேடியப்பன் வேலைக்கு வரவில்லை. மறியல் முடிந்ததும் போலீஸ் டீக்கடை டீக்கடையாக விசாரித்தது. மரம் வெட்டியவர்களில் ஒருவன், பேர் தெரியாது, இடது புருவத்தில் தழும்பு. ஏற்கெனவே பிடித்தவர்களை அடித்த அடியை ஊரே பார்த்திருந்தது. 

அன்று சாயந்திரம் வேடியப்பன் பெண்டாட்டி ஜெயம்மாள் நிறைமாத வயிற்றோடு அவரைத் தேடி வந்தாள்.

"வெள்ளிமல மாமன் வூட்ல கீறாருங்க. உங்களண்ட மட்டுந்தான் சொல்றேன்."

மறுநாள் கடைக்குப் போய் முதல் வேலையாகத் தழும்பை அடைத்துப் பெயின்ட் அடித்தார். உயிரோட்டமே போச்சே என்று தீனதயாளன் கத்தினார். கஸ்டமர் பயப்படுவார்கள் என்று அந்தோணிதாஸ் மழுப்பிவைத்தார். முதலாளிக்கு ஓட்டை வாய், அதனால்தான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

திறப்பு விழாவுக்கு இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். உருவத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பேசுவான் போலிருக்கிறதே என்று பாராட்டினார்.

தீனதயாளனுக்குப் பெருமை தாங்கவில்லை. "இன்னும் ஜோரா இருந்துதுங்க. புருவத்துல வெட்டு வச்சிருந்தாரு, அந்தாளுக்கு இருக்கிற மாதிரியே. அப்புறம் இன்னா தோணிச்சோ, அத மூடிட்டாரு."

"எந்தாளு?"

அந்தோணிதாஸ் குறுக்கே புகுந்து மயிலைப் பற்றி ஏதோ சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

"நம்ம வேடியப்பன்தாங்க. இவர்கிட்டதான் வேலை செய்யறான்."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். கோபமே இல்லாமல் அந்தோணிதாஸின் தோளில் கை போட்டு, ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டு வந்துவிடலாம் என்றார்.

ஜீப்பில் போகிற வழியெல்லாம் அந்தோணிதாஸ் தன் உடம்பைப் பற்றித்தான் நினைத்தார். வயது ஐம்பத்தெட்டு. எத்தனை அடி தாங்கும், எத்தனையாவது அடியில் வாய் வெள்ளிமலை என்று சொல்லிவிடும் என்று.