பொட்டு அழிஞ்சிருந்துச்சு

1

புதன்கிழமை, பதினொன்று ஐம்பது. ராகு காலம் தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது.

முதலில் எழுதிய வரி இது. கதை அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் முன் இருக்கைக்காரர் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டு வந்தார்: "அந்தப் பொண்ணு தொடச்சிவுட்டுச்சாம். வண்டி எஞ்சினே போச்சாம். தாலி எறக்குனவ கை பட்டா சும்மாவா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் இறங்கிப் போனார்.

அவர் பெயர் எதுவும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. பெயர்களை நான் வைத்தேன். ஊர் வேப்பந்தட்டை என்று வைத்துக்கொண்டேன். சிரிப்பை மட்டும் நான் சேர்க்கவில்லை.

2

தர்மனின் கைகளில் கிரீஸ் அப்பியிருந்தது. விரல்

நிறுத்திவிட்டேன். அழுக்கான கையைக் காட்டினால் நீங்கள் அவனை நல்லவன் என்று எடுத்துக்கொள்வீர்கள். உழைக்கிறவனை நாம் சீக்கிரம் மன்னித்துவிடுகிறோம். விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

தர்மனின் தம்பி தமிழரசன் போன மாசியில் இறந்தான். அவன் விட்டுப்போனது ஒரு பழைய டீசல் பிக்கப். அவன் மனைவி மஞ்சு அதை ஓட்டிப் பழகி லைசென்ஸ் வாங்கினாள். தெருத்தெருவாகப் போய்ச் சின்ன வெங்காயம் விற்க வேண்டும் என்பது அவள் எண்ணம். மாமியார் பொன்னாயி, "நீ ஓட்டிக்கிட்டு வந்து வித்தா வெங்காயம் கண்ண எரிக்காதாக்கும்" என்றாள். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஆயுத பூசை அன்னிக்கு எடு. பாப்பம்" என்றாள்.

எஞ்சினில் டைமிங் பெல்ட் பழசாகியிருந்தது. ஓடும்போது அறுந்தால் எஞ்சினைக் கெடுத்துவிடும். "வூட்டுலயே மாத்திரலாம்" என்றான் தர்மன். அவனுக்கு டிராக்டர் வேலை தெரியும். அவன் டிராக்டரில் இந்த பெல்ட் கிடையாது.

3

பழைய பெல்ட்டைக் கழற்றுமுன் பல்சக்கரங்கள் எந்த நிலையில் நிற்கின்றன என்று அடையாளம் வைக்க வேண்டும். புதியதை மாட்டிய பிறகும் அந்த அடையாளங்கள் அதே நேரில் நிற்க வேண்டும். பட்டறையில் அதை மார்க் என்பார்கள். தர்மன் வெள்ளைப் பெயிண்டைத் தொட்டு வைத்தான். அவன் அதைப் பொட்டு என்றான்.

செவ்வாய்க்கிழமை முடிய வேண்டிய வேலை முடியவில்லை. பூசையன்று காலையும் வண்டி முகம் திறந்து நின்றது. பொன்னாயி சந்தனக் கிண்ணத்தோடு வந்து ஸ்பேனருக்கு, ஜாக்கிக்கு, டயருக்கு என்று வரிசையாகப் பொட்டு வைத்தாள். கடைசியில் மகன் நெற்றியிலும் ஒன்று வைத்தாள்.

"எனக்கு எதுக்கும்மா?"

"நீயும் ஒரு ஆயுதந்தான்டா."

"ஆமா. துருப்புடிச்சது."

துடைக்கும் வேலை மஞ்சுவுக்கு. பொட்டு வைக்கும் வேலை அவளுக்கு இல்லை. யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அவள் ஈரத்துணியை எஞ்சின் பக்கம் கொண்டுபோனதும் தர்மன் சொன்னான்: "பொட்டு வெச்சிருக்கேன் மஞ்சு. அழிச்சிராத."

சொன்ன பிறகுதான் அவன் காதிலேயே விழுந்தது.

"அதோட அரும எனக்குத் தெரியாதா மாமா?" என்றாள் மஞ்சு. சிரித்தாளா என்று அவன் பார்க்கவில்லை.

[இங்கே அவள் கண் கலங்கியதாக ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். அவள் துடைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.]

4

பதினொன்று ஐம்பது. "பன்னெண்டுக்குள்ள ஸ்டார்ட் பண்ணுடா, ராகு காலம் வந்துரும்" என்று பொன்னாயி சூடத்தட்டோடு நின்றாள். முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வேலியோரம் பக்கத்து வீட்டுப் பெண்கள்.

தர்மன் பெல்ட்டை இழுத்து மாட்டியபோது மேல் சக்கரம் டக்கென்று நகர்ந்தது. இரண்டு பல். வெள்ளைப் பொட்டு அதற்குரிய கோட்டில் இல்லை. பெல்ட்டைத் தளர்த்தி மறுபடி மாட்டினால் பன்னிரண்டு தாண்டிவிடும்.

இன்னொன்றும் உண்டு. பெல்ட்டை மாட்டியபின் எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுழற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது முட்டினால் உடனே நிறுத்திவிடலாம், சேதம் வராது. அவன் போனில் பார்த்த வீடியோக்காரர் இதை இரண்டு தடவை சொன்னார்.

தர்மன் அதைச் செய்யவில்லை.

[இந்த வாக்கியத்தை நீட்டிப் பார்த்தேன். நீட்டினால் காரணங்கள் வந்து சேர்கின்றன.]

சாவியைத் திருப்பினான். இரும்பை இரும்பு கடித்தது. பிறகு சத்தமே இல்லை. சூடம் எரிந்துகொண்டிருந்தது.

"என்னடா ஆச்சு?"

தர்மன் துணியில் கையைத் துடைத்தான். வேலியைப் பார்த்தான்.

"பொட்டு அழிஞ்சிருந்துச்சும்மா."

5

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அழித்தல் பிறவினை, அழிக்க ஓர் ஆள் வேண்டும். அழிதல் தன்வினை, ஆள் வேண்டாம். தர்மன் யாரையும் குற்றம் சொல்லவில்லை. இலக்கணம் அவன் பக்கம் இருக்கிறது.

ஆனால் அந்த வாசலில் ஒரே ஒருத்தியின் கையில்தான் ஈரத்துணி இருந்தது. அந்த வாக்கியத்துக்கு அந்த வாசலில் ஏற்கெனவே ஒரு பொருளும் இருந்தது. பெண்கள் அதைத்தான் கேட்டார்கள். அவர்களில் ஒருத்தி, "பூசையும் அதுவுமா..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டாள். பொன்னாயி மஞ்சுவைத் திட்டவில்லை. சூடத்தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவ அதத் தொட்டது போதும். சரி பண்ணி வித்துரு."

தர்மனுக்கு முகம் சுட்டது. தம்பியின் வண்டி. அவளுக்கென்று மிச்சம் இருந்த ஒன்று. தரையில் இல்லாத திருகாணியைக் குனிந்து தேடினான்.

6

மஞ்சு எனக்குப் பிடிபடவில்லை. முதல் பிரதியில் அவளைக் கத்தவிட்டேன். அது என் குரலாக இருந்தது. இரண்டாவதில் அவள் பிறந்த வீட்டுக்குப் போனாள். அது எனக்கு வசதியாக இருந்தது. மூன்றாவது இது.

சாயங்காலம் குழாயடியில் தர்மன் கை கழுவிக்கொண்டிருந்தான். மஞ்சு குடத்தோடு வந்தாள்.

"பொட்டச் சுத்தி வுட்டுட்டுத்தான் மாமா தொடச்சேன். புள்ள கண்ணுகிட்ட தொடைக்கற மாதிரி."

"தெரியும்."

"தெரியுமா?"

"ம்."

"அப்ப சரி" என்றாள். குடம் நிறைய நேரமெடுத்தது. அவள் போகும்வரை அவன் சோப்புப் போட்டுக்கொண்டே இருந்தான்.

அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவன் பதிலுக்குத் திட்டியிருப்பான். விஷயம் அதோடு தீர்ந்திருக்கும்.

7

முடிவுகள்:

அ. தர்மன் தாயிடம் போய் உண்மையைச் சொல்கிறான். எழுதினேன். நன்றாகவே வந்தது. ஆனால் சொன்னது அவன் இல்லை, நான்.

ஆ. பெரம்பலூர்ப் பட்டறைக்காரர் எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, "மாட்டுனவன் தப்புங்க" என்று பொன்னாயியிடமே சொல்கிறார். இப்படி நடக்கவும் கூடும். ஆனால் தர்மன் பேச வேண்டியதைப் பேச வேறொருவனைக் கூலிக்கு அமர்த்துவதாகிவிடும். அதனால் இந்தக் கதையில் பட்டறைக்காரர் வளைந்த வால்வுகளை மாற்றினார், பெல்ட்டைச் சரியாக மாட்டினார், வேறெதுவும் பேசவில்லை.

இ. வண்டி விற்றுப்போகிறது. எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதனாலேயே இதை எழுத

8

விக்கிரமங்கலத்திலிருந்து நல்லதம்பி என்பவர் வண்டி பார்க்க வந்தார். மாட்டுத்தீவனம் ஏற்ற அவருக்கு ஒரு பிக்கப் வேண்டும். பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஸ்டார்ட் செய்து தெருமுனைவரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"எங்க வூட்டு மிக்ஸி இத விடச் சத்தம் போடும்ணே" என்றார் இறங்கியபடி. "அது சண்ட புடிக்கும். இது பாடுது."

தர்மன் சிரிக்க முயன்றான். உள்ளே பொன்னாயி பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. வாசலில் பேசுவது அவளுக்கும் கேட்கும். மஞ்சு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நல்லதம்பியிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகவில்லை. வண்டியிலிருந்து நான்கு அடி தள்ளி நின்றாள்.

நல்லதம்பி அண்ணாந்து குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். வண்டி வாங்க வருகிற எல்லாரும் கேட்கிற ஒன்றைத்தான் அவரும் கேட்கப் போகிறார்.

தர்மன் என்ன சொல்வான் என்பதை நான் எழுத மாட்டேன். அவனுக்கு மறுபடியும் ஒரு தன்வினை வாக்கியம் கிடைக்கும். தமிழில் அதற்குப் பஞ்சமில்லை. பஸ்ஸில் சிரித்தவர்களோடு நீங்கள் இல்லையென்றால், அவன் வாயில் வைக்க வேண்டியதை நீங்களே வையுங்கள். மஞ்சு அவனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நல்லதம்பி சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"வண்டியில ஒரு கொறையும் இல்லியே. பின்ன எதுக்குண்ணே விக்கிறீங்க?"