ஆறாவது கூடை

பத்தொன்பது நாள்களாக நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. இருபதாம் நாள் சனிக்கிழமை. காலை ஐந்தரை மணிக்கு, நான் கட்டிக்கொள்ளப்போகிற எவெலியோவின் வண்டியில், பின்சீட்டில், ஒரு கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூடையில் சுட்ட பன்றித்தொடை, பன்னிரண்டு ரொட்டி, ஆறு பாட்டில் பீர். முன்சீட்டில் அவனுடைய அம்மா டோன்யா ஹெர்லிந்தா.

கல்யாணத்துக்கு ஞானப்பெற்றோரைக் கேட்பது எங்களிடம் இப்படித்தான். மோதிரச் செலவை ஏற்க ஒரு தம்பதி, கேக்குக்கு ஒரு தம்பதி, பாட்டுக்காரர்களுக்கு ஒரு தம்பதி. ஒவ்வொரு வீட்டுக்கும் கூடையோடு போக வேண்டும். அவர்கள் பீரைத் திறந்து முதல் டம்ளரைக் குடித்தால் ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எந்தப் பக்கமும் பின்வாங்குவதில்லை. எங்கள் ஊர் சாந்தா க்ரூஸில் ஐந்து கூடைகள் முடிந்துவிட்டன. இது ஆறாவது, பீடத்தில் எங்களோடு நிற்கப்போகிறவர்களுக்கு. இது குடிக்கப்பட்டால் கல்யாணம் நடந்த மாதிரிதான். அவர்கள் இருந்தது ஐந்து மணி நேரத் தொலைவில், அந்தக் காலத்துப் பாதிரிமார் கட்டிய மிஷன் கோயில் இருக்கும் ஊரில்.

நான் உயிர்வேதியியல் படித்தவள். ரத்த வங்கியில் வேலை. புதிய சோதனைப் பெட்டி வந்தால், நோயில்லாத ரத்தம் ஒன்றை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கென்று வரும் மாதிரி தீர்ந்துபோனால் எங்களில் யாராவது கையை நீட்டுவோம். செய்யக்கூடாததுதான். எல்லோரும் செய்தோம். அன்று என் முறை. சோதனைத் தட்டில் நோயில்லாதது என்று நானே எழுதி ஒட்டிய, என் ரத்தம் இருந்த குழி மஞ்சளாக மாறியது. நோய் இருந்தால் வரும் நிறம். மறுபடி செய்தேன். மறுபடியும்.

சாகஸ் நோய். மண்சுவர் வெடிப்பில் வாழும் பூச்சி, நாம் தூங்கும்போது முகத்தில் கடித்துக் கொண்டுவருவது. ஏழு வயதுவரை நான் மண்வீட்டில் தூங்கியவள். கிருமி இருபது, முப்பது வருடம் சத்தமில்லாமல் இருக்கும். சிலருக்கு இதயத்தைத் தின்னும். தொட்டால் ஒட்டாது. வயிற்றுப் பிள்ளைக்குப் போகலாம். அறுபது நாள் மாத்திரை உண்டு. அந்த நாள்களில் கருத்தரிக்கக்கூடாது. இதையெல்லாம் ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எவெலியோவிடம் முதல் சொல் வரவில்லை. ஆறாவது கூடைக்கு முன் சொன்னால் அவன் விலகிக்கொள்ள ஒரு கதவு இருக்கும். பிறகு சொன்னால், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னவளாவேன்.

பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் டோன்யா ஹெர்லிந்தா கழிப்பறைக்குப் போனார். எவெலியோ பாலாடைக்கட்டி ரொட்டி வாங்கிக்கொண்டு ஓடிவந்தான்.

“சூடா இருக்கு, ஊதித் தின்னு.”

“எவெலியோ.”

“ம்?”

அவன் மூக்கில் மாவு ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டேன். துடைக்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கழிப்பறைக் கதவு திறந்தது.

“இந்தப் பொண்ணு வாயத் தொறந்து நான் பாத்ததே ரொட்டி திங்கத்தான்” என்றார் டோன்யா ஹெர்லிந்தா, ஏறிக்கொண்டே.

“நீ பேசுற பேச்சுல அவளுக்கு எங்கம்மா எடம்?”

“எனக்கென்ன, பேரப்புள்ளைங்க அவள மாதிரி அமைதியா இருந்தா நல்லதுதான். முதல் வருஷமே ஒண்ணு வந்துரணும், சொல்லிட்டேன்.”

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய ஞானத்தந்தையாக நாங்கள் கேட்கப்போகிற டோன் ப்ளாசிடோ மிஷன் வாசலில் டிக்கெட் கிழிப்பவர், வந்தவர்களைச் சுற்றிக் காட்டுபவரும் அவரே. ஏழெட்டுச் சுற்றுலாக்காரர்கள் வெயிலில் நின்றார்கள்.

“இவங்கள அனுப்பிட்டு வீட்டுக்குப் போயிரலாம். அதுவரைக்கும் நீங்களும் கூடவே வாங்க. உங்களுக்கு டிக்கெட் கெடையாது” என்றார்.

“காசு குடுத்துக்கூட இதப் பாக்க வர்றாங்களா!” என்றார் டோன்யா ஹெர்லிந்தா.

கோயிலுக்குள் முறுக்கிச் செதுக்கிய மரத்தூண்கள். பீடத்தின் பொன்பூச்சு முன்னூறு மெழுகுவர்த்தி ஏற்றியதுபோல் இருந்தது. அங்கேதான் ஐந்து வாரத்தில் நிற்க வேண்டும். எவெலியோ சரியான இடத்தில் போய் நின்று, என்னைப் பார்த்துப் பக்கத்தில் தரையைக் காட்டினான். போய் நின்றேன்.

பிறகு பாதுகாக்கப்பட்ட பழைய தெருவில் ஒரு வீடு. நாணலும் மண்ணுமான சுவர். அதைப் பூசக்கூடாது, மாற்றக்கூடாது என்று சட்டம் இருப்பதாக டோன் ப்ளாசிடோ பெருமையாகச் சொன்னார். அழகு, அழகு என்று ஒரு பெண் படம் எடுத்தாள். எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். நான் வெடிப்புகளைப் பார்த்தேன். பூச்சிமருந்தடித்த வெள்ளைக் கறை இருந்தது, இருந்தும் விரலை வைக்கவில்லை. ஒரே அறை, ஒரே தாழ்ந்த கதவு, அதில் சுற்றுலாக்காரர்கள் நின்றார்கள். வெளியே போக வழியில்லை.

டோன்யா ஹெர்லிந்தா கைக்குட்டையால் விசிறிக்கொண்டார். “பாக்கத்தான் அழகு. இதுல பொறந்து வளந்தவளுக்கு ரத்தமே கெட்டிருக்கும். எங்க தெருவுல ஒருத்தி இருந்தா, நோவ மறைச்சுக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. ரெண்டாவது கொழந்த அஞ்சு மாசம்கூடத் தங்கல. அவ துணியெல்லாம் மூட்ட கட்டி அம்மா வீட்டு வாசல்லயே கொண்டுபோய் எறக்கிட்டாங்க.”

நான் எவெலியோவைப் பார்த்தேன்.

“மெதுவாப் பேசும்மா, சுத்திப் பாக்க வந்தவங்களுக்குக் கேக்கப்போகுது” என்றான். அவ்வளவுதான் சொன்னான். அது தப்பு என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை மதியம்வரை மனத்துக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

கோயிலுக்குப் பின்னால் டோன் ப்ளாசிடோவின் வீடு, செங்கல் வீடு. அவர் டிக்கெட் சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். அவர் மனைவி டோன்யா எல்வீரா கூடையை என் கையிலிருந்து வாங்கி, கனத்தைப் பார்த்துத் தலையாட்டினார். நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். என் நாற்காலிக்குப் பின்னால் சுவர்.

எவெலியோ எழுந்து, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். “எங்களோட பீடத்துல நிக்கணும், எங்க வீட்டுக்குத் தாய் தகப்பனா இருக்கணும்னு கேட்டுக்கிறோம்.” நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டான். காது சிவந்தது.

டோன் ப்ளாசிடோ பாட்டிலைத் திறந்து ஊற்றினார். டம்ளரை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “இத நான் குடிச்சிட்டா அப்புறம் பேச்சில்ல. பொண்ணு என்ன சொல்லுது?”

“அவளுக்கு வெக்கம். அவளுக்கும் சேத்து நான் சொல்றேன், சரிதான். குடிங்க, நுரை அடங்கிரும்” என்றார் டோன்யா ஹெர்லிந்தா.

“நீங்க சும்மா இருங்க. இந்த வயசுல உங்களுக்கு வெள்ள கவுனு தெச்சுப் பீடத்துல ஏத்த என்னால ஆகாது” என்றார் டோன் ப்ளாசிடோ.

டோன்யா எல்வீரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டோன்யா ஹெர்லிந்தாவே தொடையைத் தட்டிச் சிரித்தார். எவெலியோ சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கத் திறந்த வாயை நான் மூடவில்லை.

“குடிக்காதீங்க.”

டம்ளர் அவர் மீசைக்குக் கீழே நின்றது. நுரை விளிம்பைத் தாண்டி அவர் விரல்களில் வழிந்து, வெள்ளைச் சட்டையின் கைக்குள் இறங்கியது. அவர் அதை வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. நான் அவரைப் பார்க்காமல், காது சிவந்து நின்றவனைப் பார்த்து, வேலையில் முடிவு படிக்கும் குரலில் சொன்னேன்.

“எவெலியோ, எனக்குச் சாகஸ் இருக்கு. மூணு தடவ சோதிச்சுப் பாத்துட்டேன்.”