தங்கையின் பரீட்சை

மேற்படிப்பு விண்ணப்பத்தில், முன்பு ஏதேனும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானதுண்டா என்ற கேள்விக்கு நேரே அவள் ‘ஆம்’ என்று குறித்தாள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“பத்து வருஷம் ஆச்சுக்கா. எவன் தோண்டிப் பாக்கப் போறான்? சும்மா கெடக்குற சங்கை எதுக்கு ஊதுற?”

“கேக்குறாங்க, சொல்றேன். அவ்வளவுதானே.”

அவ்வளவுதான் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அக்காவுக்குக் கணக்கு என்றால் உயிர், தங்கைக்கு எமன். முகம் மட்டும் இருவருக்கும் ஒரே அச்சு. ஒரே கல்லூரியில் படித்த காலத்தில், புள்ளியியலில் மறுபடியும் தோற்கப் போகிறோம் என்று தங்கை சோறு தண்ணியில்லாமல் அழுது கிடந்தாள். அவள் நீட்டிய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அக்கா போய்த் தேர்வில் உட்கார்ந்தாள். கூடுதல் தாள் கேட்டதுதான் வினை. அந்தப் பெண் பிறந்ததிலிருந்து கூடுதல் தாள் கேட்டதில்லையே என்று மேற்பார்வையாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விசாரணையில் தங்கை, காய்ச்சலில் கிடந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். அக்கா மறுத்துப் பேசவில்லை. அவளை மட்டும் கல்லூரியை விட்டு நீக்கினார்கள்.

தங்கை அடுத்த தடவை தானே எழுதித் தேறினாள். இன்று ஒரு பள்ளியில் தேர்வுகளை நடத்தும் பொறுப்பே அவளுடையது. அக்கா அஞ்சல் வழியில் பட்டம் முடித்து, பேருந்துப் பணிமனையில் அட்டவணை போடுகிறாள். ஒரு வண்டியின் தாமதம் அடுத்தடுத்த வண்டிகளை எப்படித் தொற்றுகிறது என்று போட்டுப் போட்டுப் பார்த்ததில், தனக்குத் தெரிந்த கணக்கு இதற்குப் போதாது என்று புரிந்தது. மேற்படிப்பு ஆசை அங்கேதான் பிடித்தது.

நேர்காணலுக்குத் தங்கை விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். துணைக்கு என்றாள். பயத்தில்தான் வருகிறாள் என்று அக்காவுக்குத் தெரியும்.

உள்ளே இரண்டு பேராசிரியர்கள். பழைய கல்லூரியிலிருந்து விசாரணைக் கோப்பை வரவழைத்திருந்தார்கள். மூத்த பேராசிரியை அதை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். “உங்க தங்கைக்கு நெஜமாவே தெரியாதா?”

“நான் செஞ்சதை நான் சொல்லிட்டேன் மேடம். அவளைப் பத்தி அவகிட்டதான் கேக்கணும். வெளியிலதான் இருக்கா.”

“நாளைக்கே மறுபடி வந்து அழுதா?”

“பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுப்பேன். எழுத மாட்டேன்.”

“அப்பவும் அவங்களால முடியலைன்னா?”

“ஃபெயிலாகட்டும் மேடம். தானா எழுதிப் பாஸ் பண்ணத் தெரிஞ்சவதானே. நான்தான் அதை நம்பலை.”

பேராசிரியை மற்றவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் எழுந்து கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார். அவள் பாதிவரை தடதடவென்று போனாள். பிறகு நின்றாள்.

“இதுக்கு மேல தெரியலை சார். அதைப் படிக்கத்தான் வந்திருக்கேன்.”

அவர் இன்னொரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். இருவருமாக அடுத்த வரியைத் தேடியதில் நேரம் போனதே தெரியவில்லை.

அக்கா வெளியே வந்ததும் தங்கை எழுந்தாள். “என்ன கேட்டாங்க?”

“உன்னைப் பத்தி.”

“நீ என்ன சொன்ன?”

“உன்னையே கேக்கச் சொன்னேன்.”

தங்கையின் முகம் வெளுத்தது. “பாவி, என் பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாக்குறியா?”

“யாரும் உன்னைக் கூப்பிடப் போறதில்லை. வா, பசி உயிர் போகுது.”

பாதிப் படிக்கட்டு இறங்கிய பிறகுதான் பின்னால் செருப்புச் சத்தம் வரவில்லை என்பதை அக்கா கவனித்தாள். திரும்பிப் பார்த்தாள். மேலே, கைப்பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, தங்கை அந்த மூடிய கதவுக்கு முன்னால் நின்றிருந்தாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். பிறகு கையை உயர்த்திக் கதவைத் தட்டினாள்.