துண்டு போட்ட கிரகங்கள்

மாட்டுத்தாவணியில் பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு ஏழு பேருக்கு இடம் பிடிப்பவள் பவதாரிணி. கம்ப்யூட்டரில் ஆடும் விண்வெளி விளையாட்டிலும் அதையே செய்தாள். பத்தே சுற்றில் எட்டுக் கிரகங்களில் கொடி நட்டுவிட்டாள், குடியேற்றத்தான் ஆளில்லை.

எதிரே ஆடிய அண்ணன் பீமாராவ் இரண்டே கிரகங்களில் வயலும் வீடுமாக ஜனத்தைப் பெருக்கினான். இருபதாம் சுற்றில் அவனுடைய கப்பல்கள் வந்து, ஒரு குண்டுகூடப் போடாமல், அவளுடைய ஆறு கிரகங்களில் ஜனத்தை இறக்கின.

“அம்புட்டும் நான் பிடிச்ச இடம்ணே!”

“துண்டுதான கெடக்கு? ஆளக் காணோமே.”

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மறு ஆட்டம் தொடங்கினாள். பத்துச் சுற்றாகியும் ஒரே கிரகத்தைவிட்டு நகரவில்லை. பீமாராவ் அவள் பக்கம் எட்டிப் பார்த்தான்.

“என்ன தாயி, இந்தத் தடவ துண்டு போடலையா?”

“இல்லண்ணே,” என்று சிரித்தாள். “குடும்பத்தோட வாரேன்.”