படத்தில் விழாத அடி

ஆஸ்பத்திரிக்குத் தலையை ஸ்கேன் எடுக்கும் மெஷின் வந்ததிலிருந்து, எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்த அற்புதமேரிக்குக் கால் தரையில் பாவவில்லை. 'எங்க மெஷின்' என்றுதான் சொல்வாள், என்னவோ தாய்வீட்டுச் சீதனம் மாதிரி. அது எண்பத்து மூன்றாம் வருடம்.

மார்சிலிங் பேட்டை அடுக்குமாடி வீட்டில் அவளோடு தம்பி பெர்னார்டும் அவன் மனைவி பிரிஜட்டும் இருந்தார்கள். பெர்னார்ட், பங்குக்கோயில் கால்பந்துக் குழுவின் கோல்கீப்பர். அரையிறுதியில் எதிராளியின் முழங்கால் நெற்றிப்பொட்டில் இடித்து, கொஞ்ச நேரம் நினைவு தப்பிக் கிடந்தான். பிறகு எழுந்து ஆடி முடித்தும்விட்டான். அடுத்த சனிக்கிழமை ஜாலான் புசார் ஸ்டேடியத்தில் இறுதி ஆட்டம்.

மறுநாளே அற்புதமேரி அவனை இழுத்துக்கொண்டு போய், தெரிந்தவர்களைக் கெஞ்சி ஸ்கேன் எடுக்க வைத்தாள். அதில் தப்பில்லை, பாசம். படத்தைப் பார்த்த ஸ்கேன் பிரிவுக்காரர், "ரத்தக் கசிவு இல்லை, ஆனாலும் ஒரு டாக்டரிடம் ஆளைக் காட்டு" என்றார். அதில் முதல் பாதியை மட்டும் அவள் வீட்டுக்குக் கொண்டு வந்தாள்.

"ஒண்ணுமே இல்ல, கிளியர் லா!"

அன்று சாயங்காலம் வழக்கம்போல் பெர்னார்ட்தான் ஜெபமாலையை முன்னின்று சொன்னான். ஐந்தில் மூன்றாம் தேவ இரகசியம் முடிந்ததும், நான்காவதுக்குப் போகாமல் மறுபடியும் மூன்றாவதையே தொடங்கினான். அற்புதமேரி சிரித்துக்கொண்டே தானே வாங்கிச் சொல்லி முடித்தாள். பிரிஜட் சிரிக்கவில்லை. அடுக்களைக்குப் போனதும் மதினியைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, இவரு சரியில்ல. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்குறாரு. லைட்டப் பாத்தா கண்ணு கூசுதுங்கிறாரு. ஃபைனல் வேணாம்னு சொல்லுங்க, உங்க பேச்சத்தான் கேப்பாரு."

"உள்ள ஏதாச்சும் இருந்தா மெஷின்ல தெரியாதா? உனக்கு எல்லாத்துக்கும் பயம்."

"மெஷினா மதினி அவரோட குடும்பம் நடத்துது?"

சின்னவளுக்கு வாய் நீளுகிறதே என்று அற்புதமேரிக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்தில்தான் காரியம் கெட்டது. நேரே தம்பியிடம் போய், "பயப்படாம ஆடுடா" என்றாள்.

சனிக்கிழமை, ஒரு கார்னர் பந்துக்கு எம்பியவனின் தலை தன் அணிக்காரன் தோளிலேயே இடித்தது. பார்த்தவர்களுக்கு அது அடியாகவே தெரியவில்லை. பெர்னார்ட் எழுந்திருக்கவில்லை.

ஆபரேஷன் செய்த டாக்டர் வெளியே வந்து, உயிர் தங்கிவிடும், பேச்சு பழையபடி வருமா என்பது சந்தேகம் என்றார். மூளை குலுங்கினால் ஸ்கேனில் தெரியாது, ஆளைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அது ஆறுவதற்குள் சின்ன அடி பட்டாலும் ஆபத்து என்றார். வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்த அற்புதமேரியின் வெள்ளைச் சீருடையைப் பார்த்து, இந்த வாரம் அவனிடம் ஏதாவது மாற்றம் தெரிந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

'ஆடாதடா' என்ற ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என்ன செலவாகியிருக்கும்? பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"நீ சொல்லும்மா பிரிஜட். நீதான பாத்த."

பிரிஜட் அழுகையை விழுங்கினாள். "நீங்களே சொல்லுங்க மதினி. யூனிஃபார்ம் போட்டவங்க சொன்னாத்தான் எல்லாருக்கும் காதுல ஏறும்."

கேட்டதையே திரும்பக் கேட்டது, கண் கூசியது என்று அற்புதமேரி ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"இவ்வளவு நன்றாகக் கவனித்திருக்கிறீர்களே," என்றார். "பிறகு ஏன் ஆட விட்டீர்கள்?"