முன்மொழிய ஒருவர்

"எங்க எல்லாரோட ஓட்டும் உனக்குத்தான்க்கா. ஆனா ஒருத்தி ஓட்டும் இந்த ஊர்ல இல்ல" என்றாள் ரோஸ்மேரி.

குழாயடியில் சிரித்தார்கள். வீரபாண்டிப் பகுதியின் அந்த லைன் வீடுகளில் இருந்த எல்லோரும் தெற்கேயிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். ஓட்டை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அதையும் மாற்றிவிட்டால் ஊர்க் கோயில் வரிப் பட்டியலில் தங்கள் பெயர் இருக்காது என்று பயம்.

நாகஜோதி மட்டும் போன வருடம் மாற்றிக்கொண்டாள். மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் வந்தது. மனு கொடுக்கப் போன இடத்தில் ஒருவன், "அப்ப நீங்களே கவுன்சிலருக்கு நின்னு ஜெயிச்சுக்குங்க" என்றான். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

இன்று வேட்புமனுவுக்குக் கடைசி நாள். மூன்று மணிக்குள் கொடுக்க வேண்டும். அந்த வார்டில் ஓட்டு உள்ள ஒருவர் அவளை முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்குத் தெரிந்து அப்படி ஒருவர்தான் இருந்தார், வீட்டுக்காரம்மா அமராவதி. போன வாரமே, "நான் போடறேன் கண்ணு, இதிலென்ன" என்று சொல்லியிருந்தார்.

"ஏ புள்ள, ரெண்டு 'ங்க' சேத்துப் பேசு. அப்பத்தான் போடுவாங்க" என்றான் அவள் புருஷன் ராஜபாண்டி.

"நீ கம்பெனிக்குக் கிளம்பு."

முன்வீட்டு வாசலில் கார் நின்றது. அமராவதி தலைக்குக் குளித்து, பட்டு உடுத்தியிருந்தார்.

"வா அம்மிணி. காப்பி குடிக்கறயா?"

"வேண்டாங்கம்மா. அந்தக் கையெழுத்து..."

"அதத்தான் கண்ணு நெனச்சுட்டே இருந்தேன். பாரு, இன்னிக்குன்னு சிவன்மலைக்குக் கெளம்பச் சொல்லிப்போட்டான் வேலுமணி. முருகனுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி."

வேலுமணி அவர் மகன். பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின் போட்டிருந்தான். அவன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான், திரும்பவில்லை.

"இப்பவே போட்டுக் குடுத்தீங்கன்னா போதுங்கம்மா. பேனா இருக்கு."

"கட்சிக்காரங்க நேத்து வந்திருந்தாங்க கண்ணு. இப்ப கவுன்சிலரா இருக்கறவரும் கூட வந்தாரு. தப்பா ஒரு வார்த்த பேசல. நல்ல மருவாதியான பசங்க. காப்பி குடிச்சாங்க. போறப்ப, தம்பிக்கு ஆர்டரெல்லாம் தடையில்லாம வருதுங்களான்னு கேட்டாங்க. அவ்வளவுதான்."

நாகஜோதி பேனாவின் மூடியைப் போட்டாள்.

"போடமாட்டேன்னு நான் சொல்லல கண்ணு."

"இல்லீங்கம்மா."

"ஊடு ஒழுகுதுன்னியே, ஆள் வரச் சொல்றேன். இந்த வருசம் வாடகையும் ஏத்தல. மனசுல ஒண்ணும் வெச்சுக்காத."

"சரிங்கம்மா."

"இந்தா, மோட்டார் ரூம் சாவி. சாயங்காலம் நீயே தண்ணி எடுத்து விட்டுரு. நாங்க வர நேரமாகும்."

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். கார் போயிற்று.

கம்பெனியில் சூப்பர்வைசர் குணா நிமிர்ந்து பார்த்தான். "லீவுன்னு சொன்னீங்களே?"

"வந்துட்டேன்."

"நல்லதாப் போச்சு. ஓவர்லாக் மிஷின்ல ஆள் இல்லாம லைனே நிக்குது."

உட்கார்ந்தாள். வெட்டிய துணிக் கட்டை அவிழ்த்தாள். பனியனுக்கு ஒரு கை, இன்னொரு கை, அடுத்த பீஸ். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறமும் அதேதான். பக்கத்து மிஷினில் ரோஸ்மேரி, சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "மூணு ஆச்சுக்கா" என்றாள்.

"ம்."

"அடுத்த எலெக்ஷன்ல பாத்துக்கலாம்."

"அப்ப நீயும் ஓட்ட இங்க மாத்திக்க. எனக்குக் கையெழுத்துப் போடு."

ரோஸ்மேரி நூலை அறுத்தாள். "எங்க மாதா கோயில் திருவிழா முடியட்டும்க்கா."

"போன வருசமும் இதத்தான் சொன்ன."

"ஆமா" என்றாள் ரோஸ்மேரி.

சாயங்காலம் நாகஜோதி மோட்டாரைப் போட்டாள். குடங்களோடு எல்லோரும் வந்தார்கள். ஒருத்தி, "மனு குடுத்துட்டியாக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"சரி. மொதல்ல உன் குடத்த வையி."

வைத்தாள்.