இடது தோளில் சாய்வது

தோல் டாக்டரம்மாவுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தடிப்பின் உருவத்தைப் பார்த்தே உடம்பில் எது பட்டது என்று சொல்லிவிடுவார். செருப்பு வாரோ மலிவுக் கம்மலோ அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை.

அன்று வந்த தையல்காரருக்கு இடது தோளிலும் தாடைக்குக் கீழேயும் சிவந்து, நீர் கோத்த கொப்புளங்கள். துணிச் சாயம்தான் காரணம் என்று கூட வந்த அக்கா அடித்துச் சொன்னாள்.

"சாயம்னா முதல்ல கையிலதானே வரணும்?" டாக்டர் சிரித்தார். "யார் தலையோ இங்க சாயுது. டை அடிச்ச தலை. இவருக்கோ வழுக்கை. வீட்டுக்காரம்மாவா?"

"அவ போய்ச் சேந்து ஒரு வருஷம் ஆச்சும்மா," என்றாள் அக்கா.

டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அலர்ஜி டெஸ்டிலும் டை வைத்த இடம்தான் சிவந்தது. பழைய தலையணையில் மிச்சம் ஒட்டியிருக்கும் என்று படுக்கை, தலையணை எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொன்னார்.

கட்டில்கூடப் புதிதாக வந்தது. தடிப்பு முன்னைவிட மூர்க்கமாகக் கிளம்பியது. அக்கா வீட்டில் தங்கிய நாட்களில் மட்டும் வற்றியது.

"அந்த வீட்டைப் பூட்டச் சொல்லுங்க டாக்டர். நீங்க சொன்னாதான் கேப்பான்," என்று அக்கா கெஞ்சினாள்.

டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரிடம் கேட்டார். "மறைக்காம சொல்லுங்க. வீட்டுக்கு யாராவது வர்றாங்களா?"

"வெளியிலேருந்து யாரும் வரல." தையல்காரர் தரையைப் பார்த்தபடி பேசினார். "அவ எப்பவும் இடப்பக்கம்தான் படுப்பா. வீட்டை விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க டாக்டர். அரிப்பு உயிர் போகுது, அதுவும் நெஜம். ஒத்துக்கற மாதிரி வேற டை இருந்தா சொல்லுங்க. அவ அலமாரில வாங்கி வெச்சிடறேன்."

மனநல மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டும்தான். அந்த முகத்தைப் பார்த்தபின் டாக்டருக்கு மனசு வரவில்லை. ஒரு டையின் பெயரைச் சொன்னார்.

"ஆறலைன்னா வீட்டைப் பூட்டிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

அடுத்த முறை அவர் தனியாக வந்து சட்டையைக் கழற்றினார். ஒரு கொப்புளம்கூட இல்லை. டாக்டருக்கு நிம்மதியாக இருந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. தலை சாய்ப்பவள் வருவது நின்றுவிட்டது போலும்; அதை இவரிடம் எப்படிச் சொல்வது?

தோளில் ஏதோ அழுக்கு தெரிந்தது. பஞ்சால் துடைத்தார். பஞ்சில் பழுப்பு நிறம் ஏறியது. விளக்கை இழுத்துக் கிட்டத்தில் பார்த்தார். ஈரக் கூந்தல் அழுந்திய மெல்லிய கோடுகள், இழை இழையாக.

"ஆறிடுச்சா டாக்டர்?"

"ஆறிடுச்சு." டாக்டர் பஞ்சை உள்ளங்கையில் மடக்கிக்கொண்டார்.

"அப்போ வீட்டைப் பூட்ட வேண்டாமில்ல?" தையல்காரர் முகமெல்லாம் மலரச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு. டை காயற வரைக்கும் பொறுக்கணும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா எங்க கேக்கறா?"

சொல்லிவிட்டுத் தன் இடப்பக்கம் திரும்பி, டாக்டர் பேசுவதற்காகக் காத்திருந்தார்.